பிரஷர் அண்ணன் பாறை உடைத்த ஆடி மாதம்

உலகத்தில் உள்ள எல்லாப் பாறைகள் மீதும் சொந்தப் பகை வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் காலனி பிரஷர் அண்ணன்தான். மற்றவர்கள் பாறையைப் பார்த்தால் உட்காருவார்கள், துணி துவைப்பார்கள், கட்சிப் பெயர் எழுதுவார்கள். அவர் அதை முறைத்துப் பார்ப்பார். அது எதையோ ஒளித்து வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு.

எம். புதுப்பட்டிக்குப் போகிற ரோட்டில் நாற்பது வீடுகள் இரண்டு வரிசையாக இருக்கும் காலனி அது. எல்லாம் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். நான் அப்போது லாரிக்குப் பட்டாசுப் பெட்டி ஏற்றும் வேலையில் இருந்தேன். அதற்கு முன் திருத்தங்கலில் காலண்டருக்குத் தகடு அடித்தேன், அதற்கு முன் திருப்பூரில் தட்டு கழுவினேன். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனுக்கு ஊர் மாறுவது ஒரு கஷ்டமே இல்லை. ஒரு பை, ஒரு போர்வை, அவ்வளவுதான். காலனியில் கடைசி வீட்டுக்கு ஒட்டிய ஒரு அறை வாடகைக்குக் கிடைத்தது. அந்தக் கடைசி வீடு பிரஷர் அண்ணன் வீடு.

அவர் பதினோரு வருஷம் ஓமன் பாலைவனத்தில் எரிவாயுக் கிணற்றில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். சாதாரணக் கிணறு என்று யாராவது சொல்லிவிட்டால் அன்று அவர்களுக்குப் பகல் சாப்பாடு கிடையாது. விளக்கி முடிக்காமல் விட மாட்டார். சாதாரண எண்ணெய்க் கிணற்றில் பாறை பீர்க்கங்கூடு மாதிரி இருக்குமாம். துளை போட்டால் எண்ணெய் தானே வந்துவிடும். இவர் வேலை பார்த்த பாறை அப்படி இல்லை.

“அம்மிக்கல்லு இருக்குல்ல? அதுக்குள்ள கேஸு இருக்கு. எடு பாப்பம்,” என்பார். “இருக்கு. ஆனா வர வழி இல்ல. வழிய நாமதான் போடணும்.”

வழி போடுகிற விதத்தை அவர் சொல்லக் கேட்க வேண்டும். ரெண்டு மைல் நேராகக் கீழே துளைத்துப் போய், அங்கிருந்து படுக்கை வசமாகத் திரும்பி, இன்னும் ஒரு மைல் போவார்களாம். அங்கே கையைக் காட்டித் திருப்பிவிட யார் நிற்பார்கள் என்று பக்கத்து வீட்டு முத்துமாரியக்கா கேட்டார். தன் வீட்டுக்காரருக்கு டிவிஎஸ் வண்டியைப் புதுப்பட்டி முக்கில் திருப்பவே மூன்று பேர் வேண்டும் என்றும் சொன்னார்.

அண்ணன் அசரவில்லை. படுக்கைத் துளைக்குள் வரிசையாக வெடியை இறக்கி, மேலிருந்து கம்பி வழியாக வெடிக்க வைப்போம் என்றார். அதுவரை வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள். வெடி அவர்கள் பாடம்.

“சரமாண்ணே, ஒத்த வெடியா?”

“அம்புட்டு ஆழத்துல நமுத்துப் போகாதா?”

“லைசென்ஸ் ஆரு பேருல?”

ஊரில் வேறு எங்கே சொன்னாலும் கொட்டாவி விடுகிற விஷயத்துக்கு இப்படிக் கேள்வி கேட்கிற கூட்டம் கிடைத்ததில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து காலனிதான் அவருக்குப் பல்கலைக்கழகம்.

வெடித்த பிறகு தண்ணீரில் மணலைக் கலந்து பயங்கர அழுத்தத்தில் உள்ளே ஏற்றுவார்கள். பாறை விரியும். மணல் போய் விரிசலில் உட்கார்ந்துகொண்டு மறுபடி மூட விடாது. வெறும் தண்ணீரில் மணல் அடியில் தங்கிவிடும் அல்லவா? அதனால் தண்ணீரைக் கெட்டியாக்க ஒரு மாவு போடுவார்கள். அந்த மாவு எதிலிருந்து வருகிறது என்று சொல்லுமுன் அண்ணன் எழுந்து நின்றுகொள்வார். அது சீனியவரை விதை. நாம் பொரியல் பண்ணுகிற அதே சீனியவரை. அந்த மாவைக் கலக்குகிற இயந்திரத்தில்தான் அவர் பதினோரு வருஷம் நின்றார். அவர் வீட்டில் சீனியவரைக்காய் சமைக்கக் கூடாது. கூட வேலை பார்த்ததை எப்படித் தின்பது என்பார்.

பேர் வந்த காரணம் அழுத்தம்தான். எதைப் பார்த்தாலும் எத்தனை பவுண்டு பிரஷர் என்று கேட்பார். டீக்கடை ஸ்டவ், சைக்கிள் டயர், கோயில் நாதஸ்வரக்காரர் கன்னம், எதுவும் தப்பாது. ஒரு தடவை ஆமத்தூரில் மாமியார் வீட்டுக்குப் போனவர், குக்கர் சரியான பிரஷரில் விசில் அடிக்கவில்லை என்று அதைப் பிரித்துச் சீர்திருத்தினார். பருப்பு கூரை ஓட்டைத் துளைத்துக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். ஓட்டில் அப்பியது என்பதுவரை உறுதி. அன்றிலிருந்து அந்த வீட்டு வாசற்படி ஏற அவருக்கு அனுமதி இல்லை.

இதைச் சிரித்துக்கொண்டேதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் அந்த வருஷம் ஆனி மாதக் கடைசியில் இந்தக் குக்கர் விஷயம் பெரிய விஷயமாகிவிட்டது.

காலனிக்கு ஒரே ஒரு ஆழ்துளைக் கிணறு. சித்திரையிலேயே அது காற்று ஊத ஆரம்பித்துவிட்டது. பெண்கள் ஒரு மைல் தள்ளி ஒரு தோட்டத்து மோட்டாருக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வருவார்கள். அங்கே கரண்ட் வருகிற நேரம்தான் தண்ணீர் நேரம். கம்பெனி வேன் ஆறேமுக்காலுக்கு வரும். ஒரு நிமிஷம் நிற்காது. வேனைத் தவற விட்டால் அன்று வேலை இல்லை, அவ்வளவுதான். பிரஷர் அண்ணனின் மனைவி செல்வி மதினி திரி செருகுகிற வேலை பார்த்தார். சீசன் நேரத்தில் ஒரே வாரத்தில் மூன்றாவது முறையாக வேனைத் தவற விட்ட அன்று, குடத்தை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, சத்தம் போடாமல் சொன்னார்.

“ஆமத்தூர்ல எங்கம்மா வீட்டு வாசல்லயே தண்ணி வருது. வேனும் வருது. நாளைக்கே போயிருவேன். ஆனா நாளைக்கு ஆடி பொறக்குது, ஆடியில வீடு மாறக் கூடாதுன்னு பாக்கேன். ஆவணி ஒண்ணாந்தேதி நான் கெளம்பிருவேன்.”

நீங்களும் வாங்க என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, குக்கர் இருக்கிறதே. பதினோரு வருஷத்தில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு மாசம் என்று வந்து போன மனுஷன், இப்போதுதான் சேர்ந்தாற்போல் வீட்டில் இருக்கிறார்.

“மலையவே உடைச்சேன்னு ஊரெல்லாம் சொல்றாக,” என்று மதினி உள்ளே போய்க்கொண்டே சொன்னார். “உடைச்சவுக வீட்டுக்குத் தண்ணி ஒரு மைல்ல இருக்கு.”

அண்ணன் என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டினார். பிறகு, “ஆடிக்கு எத்தனை நாளு தம்பி?” என்று கேட்டார். ஆடியில் வீடு மாறக் கூடாது என்று முதலில் சொன்ன ஆளை அவர் அன்று கும்பிட்டிருப்பார். அந்த வழக்கம் அவருக்கு ஒரு மாதம் கொடுத்திருந்தது.

காய்ந்த கிணற்றுப் பாறையைத் தண்ணீர் அழுத்தத்தால் விரிய வைக்கிற லாரி ஒன்று அரசாங்கத்திடம் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. விருதுநகர் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை தோறும் மனு வாங்குவார்கள். திங்கட்கிழமை எனக்கு மதியத்துக்கு மேல்தான் லோடு. அவரைப் பின்னால் உட்கார வைத்து நான்தான் வண்டி ஓட்டினேன். மனுவில் எழுத்து நாலு வரிதான், மீதி முழுக்கப் படம். பாறை பச்சை, தண்ணீர் நீலம், பிரஷர் சிவப்பு. மனுவை வாங்கிய அதிகாரி அதைத் தலைகீழாகப் பிடித்து, எந்த ஊர்க் கண்மாய் என்று கேட்டார். இரண்டாம் திங்கள், உங்கள் கிணறு மூடுகிற பட்டியலில் இருக்கிறது என்றார்கள். மூன்றாம் திங்கள் அண்ணன் மேஜை மேல் ஒரு அம்மிக்குழவியை வைத்துப் பேச ஆரம்பித்தார். லாரி பக்கத்து ஒன்றியத்துக்கு வருகிறது, அப்படியே அனுப்பி வைக்கிறோம், குழவியை எடுங்கள் என்றார்கள்.

ஆடி இருபத்திரண்டில் லாரி வந்தது. அன்று ஏதோ சோதனை என்று கம்பெனிகள் லீவு. காலனி மொத்தமும் கிணற்றடியில் நின்றது. பிரஷர் அண்ணன் ஓமனில் போட்ட ஆரஞ்சுச் சட்டை, அதோடு ஒட்டிய பேன்ட், தலைக்கவசம், முழங்கால் வரை பூட்ஸ் என்று இறங்கி வந்தார். லாரி ஆபரேட்டர் பெரிய இன்ஜினியர் என்று நினைத்து எழுந்து சல்யூட் வைத்தார். செல்வி மதினி அந்த ஆபரேட்டர் கையில் காப்பி டம்ளரைக் கொடுத்து, “எங்க வீட்டுக்காரரு,” என்றதும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் ஒரு மூட்டையை முன்னால் வைத்தார். விருதுநகர் விதைக்கடையில் வாங்கிய சீனியவரை விதை. முந்தின வாரம் நானும் அவரும் மிளகாய் அரைக்கிற மில்லில் கொடுத்து மாவாக்கியிருந்தோம். மில்லில் முன்னால் அரைத்தது என்ன என்று யாரும் கேட்கவில்லை. அதனால் மாவு கொஞ்சம் சிவப்பாக இருந்தது.

ஆபரேட்டர் ஒரே வார்த்தையில் மறுத்தார். “வெறும் தண்ணிதான் சார் ஏத்துவோம். இது கருங்கல்லு. விரிசல் தானா நிக்கும். மாவெல்லாம் வேணாம்.”

மறுத்துவிட்டு அவர் வேப்பமரத்தடியில் சாப்பிடப் போனதுதான் அவர் செய்த தப்பு. நான் ஏணியைப் பிடித்தேன். அண்ணன் லாரியோடு வந்த தண்ணீர் டேங்கர் மேல் ஏறி, மூடியைத் திறந்து, ஒரு கையால் நீளக் கம்பை வைத்துக் கிண்டிக்கொண்டே மறு கையால் மாவைத் தூவினார். அவ்வளவு நேரம் கோமாளி மாதிரி தெரிந்த மனுஷன் அல்ல அது. விரல் இடுக்கில் மாவு நூல் மாதிரி இறங்கியது. ஒரு கட்டி விழவில்லை. நாற்பது கிலோ, ஒரு கட்டி இல்லை. கீழே நின்ற மதினி, “வீட்டுல ரவை கிண்டுறப்ப இந்தக் கை எங்கன போகுமோ,” என்றார். ஆனால் அவரும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

ஆபரேட்டர் வந்து மோட்டாரைப் போட்டார். பிரஷர் மீட்டர் முள் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. அண்ணன் தரையில் குப்புறப் படுத்துக் காதை மண்ணில் வைத்தார். திடீரென்று முள் சடாரென்று பாதிக்கு இறங்கியது.

“உடைஞ்சிருச்சு,” என்றார், எழுந்திருக்காமலே.

எவனோ ஒருவன் சந்தோஷத்தில் ஒரு சரத்தைக் கொளுத்திப் போட்டான். ஆபரேட்டர் லாரிக்கு அடியில் போய்விட்டார். சத்தம் கேட்டதும் காலனி ஆட்கள் எல்லோரும் முதலில் கம்பெனிகள் இருக்கிற திசையைப் பார்த்தார்கள். அது பழக்கம். அங்கே புகை இல்லை என்று தெரிந்த பிறகுதான் சிரித்தார்கள்.

மறுநாள் மோட்டாரை இறக்கிக் குழாயைத் திறந்தோம். தண்ணீர் வந்தது என்று சொல்ல முடியாது. வந்ததற்கு அப்போது பேர் இல்லை. இளஞ்சிவப்பாக, வழுவழுவென்று, கயிறு மாதிரி இறங்கியது. முத்துமாரியக்கா குடத்தில் பிடித்துச் சரித்தார். பாதி வெளியே வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி குடத்துக்குள் போய்விட்டது. தொட்டு நாக்கில் வைத்தால் காரம். அதில் தலை குளித்ததில் காலனியில் இரண்டு நாளைக்கு எந்த ஆண்பிள்ளைக்கும் தலைமுடி கலையவில்லை. மோட்டார் முக்க ஆரம்பித்ததும் அண்ணனே போய் நிறுத்தினார்.

செல்வி மதினி ஒன்றும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழைய சேலை ஒன்றை விரித்துப் பாத்திரங்களை அடுக்கிக் கட்ட ஆரம்பித்தார். ஆமத்தூரில் இருக்கிற தம்பிக்குப் போன் போட்டு, ஆவணி ஒண்ணாந்தேதி காலையில் வண்டி கொண்டு வரச் சொன்னார்.

அண்ணன் வாசலில் தலைக்கவசத்தைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். காலனிப் பெண்கள் சுற்றி நின்றார்கள். கேலி பண்ணத்தான் வந்திருந்தார்கள்.

“எனக்கு மாவு போட மட்டும்தான் தெரியும், செல்வி,” என்றார். “மாவு கெட்டியாக்கும். உள்ள போனப்பொறம் அதை எளக்கி விடுறதுக்கு வேற ஒண்ணு ஊத்துவாக. அது அந்தப் பக்கம் இன்னொரு மிசினு. நாப்பதடி தள்ளி. அவன் என்னத்த ஊத்துறான்னு பதினோரு வருசத்துல நான் கேட்டதே இல்ல.”

அவ்வளவு பாடம் நடத்திய மனுஷன் இதைச் சொல்ல எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் என்று எனக்கு இப்போது புரிகிறது. அன்று கேலி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முத்துமாரியக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

“பதினெட்டு வருசமா நான் மருந்து அடைக்கேண்ணே. மேல போயி அது என்ன கலர்ல பூக்குதுன்னு இன்னை வரைக்கும் எனக்குத் தெரியாது.”

மதினி பாத்திரம் கட்டுவதை நிறுத்தினார். “அந்த நாப்பதடி ஆளு நம்பர் இருக்கா?” என்று கேட்டார்.

இருந்தது. ஆனால் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. அந்த ஆள் ராஜஸ்தான்காரர். இவருக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு இவர் பாஷை தெரியாது. இயந்திரச் சத்தத்தில் காதை அடைத்துக்கொண்டு நிற்கிற இடத்தில் பாஷைக்கு வேலையும் இல்லை. பதினோரு வருஷமும் கைச்சாடைதான். அதனால் வீடியோ காலில் கூப்பிடுவது என்று முடிவானது. போனை மண்வெட்டிப் பிடியில் கட்டி நிறுத்தினேன்.

பெரிய தலைப்பாகையோடு ஒரு முகம் வந்தது. அவரும் வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது. இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் கையை உயர்த்தி முஷ்டியை மூடினார். அந்தப் பக்கமும் ஒரு முஷ்டி உயர்ந்தது. அண்ணன் மாவு தூவினார், கிண்டினார், பம்ப் ஓட்டினார், பாறையை உடைத்தார், பிறகு ஒரு டம்ளர் சிவப்பு வழவழப்பைக் கேமராவுக்கு முன் கவிழ்த்தார். அது டம்ளருக்குள் திரும்பிப் போனது.

ராஜஸ்தான்காரர் சிரித்த சிரிப்பில் போன் கைநழுவி விழுந்தது. கொஞ்ச நேரம் வானம் தெரிந்தது, பிறகு ஒரு ஆடு, பிறகு அவருடைய கால். திரும்ப வந்ததும் இடுப்புயரச் செடி ஒன்றைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். அவர் நின்றிருந்தது சீனியவரைத் தோட்டம். கண்ணுக்கு எட்டின வரை சீனியவரை. எங்கள் அண்ணன் எழுந்து நின்று சல்யூட் வைத்தார்.

அப்புறம் ராஜஸ்தான்காரர் சாடை காட்டினார். உள்ளங்கையைக் கவிழ்த்தார். இரண்டு கையையும் கன்னத்தில் சேர்த்துக் கண்ணை மூடினார். ஐந்து விரலைக் காட்டினார். மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தார். கடைசியாக விரல்களை அலை அலையாக ஓட விட்டார்.

காலனி இதை ஆளுக்கொரு விதமாகப் படித்தது. அஞ்சு மாத்திரை போட்டுத் தூங்கச் சொல்கிறார் என்றார் ஒருத்தர். அஞ்சு பேர் செத்துப் போவார்கள் என்றார் இன்னொருத்தர். செல்வி மதினிதான் சரியாகச் சொன்னார்.

“அஞ்சு நாளு அதைக் கிண்டாம கிடக்க விடச் சொல்றாரு. மாவு புளிக்கிற மாதிரி. நாறும். அப்பொறம் எளகிரும்.”

அண்ணன் வாழ்க்கையில் மிகக் கஷ்டமான ஐந்து நாள் அதுதான். எதையும் கிண்டக் கூடாது. மோட்டார் அறைச் சாவியை மதினி இடுப்பில் செருகிக்கொண்டார். மூன்றாம் நாள் நாற்றம் வந்தது. காலனி பூராவும் மூக்கில் துணியோடு திரிந்தது. அவர் மட்டும் கிணற்றடியில் உட்கார்ந்து, புதுப்பூ முகர்வது போல முகர்ந்துகொண்டிருந்தார். ஆடி கடைசி நாள் மதினியே சாவியைக் கொடுத்தார். முதலில் கலங்கலாக, நாற்றத்தில் ஊரே ஓடுகிற மாதிரி வந்தது. வாய்க்காலில் விட்டோம். ரெண்டு மணி நேரம் கழித்து வெளிறியது. சாயங்காலம் தெளிந்தது. அண்ணன் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, “காரம் கொறைஞ்சிருச்சு,” என்றார்.

பெரிய ஊற்று ஒன்றும் இல்லை. காலையில் ஒரு மணி நேரம் வரும், அப்புறம் காற்றுதான். வீட்டுக்கு நாலு குடம். ஆனால் அந்த நாலு குடம் வீட்டு வாசலில் வந்தது.

ஆவணி ஒண்ணாந்தேதி காலையில் மதினியின் தம்பி குட்டியானை வண்டியோடு வந்து நின்றார். பாத்திர மூட்டை வாசலில் இருந்தது. அண்ணன் மூட்டைக்கு இந்தப் பக்கம், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர் வந்துவிட்டதே, போகாதே என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை. மதினி நாலாவது குடத்தை நிரப்பி உள்ளே வைத்துவிட்டு, ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்து தம்பியிடம் நீட்டினார்.

“வந்தது வந்துட்ட. தண்ணி குடிச்சிட்டுப் போலே.”

தம்பி செம்பையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். வேன் ஹாரன் அடித்தது. மதினி சாப்பாட்டு வாளியை எடுத்துக்கொண்டு ஓடி ஏறிவிட்டார்.

அன்று பகல் முழுவதும் அண்ணன் அந்த மூட்டையைப் பிரித்து ஒவ்வொரு பாத்திரமாக வீட்டுக்குள் வைத்தார். எது எங்கே இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? புளிப்பானை அலமாரி மேல், தோசைக்கல் கட்டிலுக்கு அடியில், கரண்டிகள் எல்லாம் சாமி படத்துக்குப் பின்னால். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி வந்த மதினி ஒவ்வொன்றாகத் தேடித் தேடி ஏசினார். அவர் “சரி புள்ள, சரி புள்ள,” என்று பின்னாலேயே நடந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் என் அறையில் எனக்கு எல்லாம் கேட்டது. எத்தனையோ ஊரில் இருந்திருக்கிறேன். இங்கேயே இருந்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது அந்த ஒரு சாயங்காலம்தான்.